எண்ணிக்கை ஏறியது, மீன் குறைந்தது

கொடிவேரி அணைக்கு மேலே, பவானிக் கரையில், ஒரு மார்கழிக் காலை. பரிசலைக் கரையேற்றிவிட்டு ஒரு பெரியவர் வலையிலிருந்து மீனை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என் கையில் கணக்கெடுப்புப் படிவம். தேதி, இடம், வலையின் கண் அளவு, வலை எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தது, மீன் பெயர், எண்ணிக்கை என்று கட்டங்கள். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பெயர் என்ற இடத்தில் ‘கெண்டை’ என்றும் எண்ணிக்கையில் 14 என்றும் எழுதினேன்.

“என்ன கண்ணு எழுதுன?”

“கெண்டை, பதினாலுங்க ஐயா.”

“எந்தக் கெண்டைன்னு போட்ட?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கூடையைப் பாறைமேல் கவிழ்த்து மீன்களைப் பிரித்து வைத்தார். ஒன்பது ஜிலேபி. மூன்று ரோகு. “இதெல்லாம் மேல பவானிசாகர் டேமுல உட்டது. தண்ணி தொறந்தா கீழ வந்துரும்.” மீதி இரண்டும் விரல் நீளம்தான் இருக்கும். அவற்றைக் கடைசியில் தனியாக வைத்தார். “இது ரெண்டுந்தான் நம்ம ஆத்துது.”

அந்தத் தாளை அடித்துவிட்டுப் புதுத் தாளில் மூன்று வரியாக எழுதினேன். பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறவன் நான். விடுமுறை நாட்களில் ஆற்றுக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த 14 என்ற எண் பல நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் எழுதியது பொய் இல்லை. நம் ஊரில் ஜிலேபியும் கெண்டைதான். ரோகு, கட்லா, வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக் கெண்டை எல்லாமே கெண்டைதான். ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெள்ளிக்கெண்டையும் புல்கெண்டையும் சீனப் பக்கத்து மீன்கள், 1959-ல் வந்தவை. ரோகுவும் கட்லாவும் கங்கையைச் சேர்ந்தவை. வந்த மீனுக்கெல்லாம் நம் மொழி கெண்டை என்று பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. சந்தையில் அது போதும். கணக்கெடுப்பில் அது பெரிய ஆபத்து. பவானியின் சொந்த மீன் ஒன்றுகூட மிஞ்சாமல் போனாலும், என் படிவத்தில் கெண்டையின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்ல முடியாது. காவிரியில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது.

கர்நாடகத்தில், காவிரி மேட்டூருக்கு வருவதற்கு வெகு முன்னால், கலிபோரே என்ற இடத்தில் ஒரு தூண்டில் முகாம் இருந்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் அங்கே வருவார்கள். கேழ்வரகு மாவை வேகவைத்து உருண்டை பிடித்துத் தூண்டிலில் குத்தி வேகமான ஓட்டத்தில் எறிவார்கள். அவர்கள் தேடி வந்தது மகசீர். பிடித்து, எடை போட்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். தென்னிந்திய ஆறுகளில் மிகப் பெரிதாக வளரும் மீன்களில் ஒன்று அது. 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு ஆள் எடை.

காவிரியின் அந்தப் பெரிய மகசீருக்குத் தலைக்குப் பின்னால் முதுகு திடீரென்று மேடு தட்டி நிற்கும். ஆங்கிலத்தில் கூன்முதுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைத் திமில் மகசீர் என்று சொல்லத்தான் பிடிக்கிறது. காங்கேயம் காளையைப் பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு அது கூனாகத் தெரியாது. துடுப்புகள் செம்மஞ்சள் நிறம். இந்த மீன் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே உண்டு. உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் கிடையாது.

அந்த முகாமில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன் விழுந்தது, ஒவ்வொன்றும் என்ன எடை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். 1998 முதல் 2012 வரை அப்படிச் சேர்ந்த பதிவுகளில் சுமார் 23,600 மணி நேரத் தூண்டில் வேலையும் 6,000-க்கும் அதிகமான மகசீர்களும் இருந்தன. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் மூவரும் அந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள்.

மொத்தமாகப் பார்த்தபோது கணக்கு சந்தோஷம் தருவதாக இருந்தது. மணிக்கு எத்தனை மீன் விழுகிறது என்ற வீதம் வருடா வருடம் ஏறியிருந்தது. சராசரி எடை இறங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நிறைய இளம் மீன்கள் உருவாகி வருகின்றன, ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காவல் போட்டதற்கும், பிடித்ததை விட்டதற்கும் பலன் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்புறம்தான் அதே கணக்கை நிறம் பிரித்துப் பார்த்தார்கள். ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். அது கிருஷ்ணா நதிப் பக்கத்து மீன், காவிரிக்கு வெளியூர். மகசீர் குறைகிறதே என்ற கவலையில், 1970-களிலிருந்து, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரிக்கவைத்துப் பல ஆறுகளில் கொண்டுபோய் விட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலைதான். வளர்க்கக் கைவந்தது அந்த இனம், அதனால் அதை வளர்த்தார்கள். மகசீர் என்றால் மகசீர்தானே என்ற எண்ணம். நான் கூடையைப் பார்த்துக் கெண்டை என்று எழுதினேனே, அதேதான்.

திமில் மகசீரின் வரி வேறு திசையில் போயிருந்தது. வருடத்துக்கு வருடம் அது குறைவாகவே விழுந்தது. விழுந்த ஒவ்வொன்றும் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. பெரிய மீன் கிடைப்பது நல்ல சகுனம் என்றுதான் தூண்டில்காரருக்குத் தோன்றும். கணக்குப் பார்ப்பவருக்கு அதைப் பார்த்தால் வயிறு கலங்கும். குஞ்சு வரவில்லை, இருக்கும் மீன்களுக்கு வயது மட்டும் ஏறுகிறது என்று அதற்குப் பொருள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்ட ஊர்கள் சில எனக்குத் தெரியும். திண்ணைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் ஆள் இருப்பது போலத்தான் தெரியும்.

இந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்தது இன்னொன்று. நூறு வருடத்துக்கு மேல் உலகப் புகழோடு இருந்த அந்தத் திமில் மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. எந்த உயிரினம் எவ்வளவு அழிவு அபாயத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில், எந்த இனம் என்று தீர்மானிக்காத மீனைச் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததைக் காப்பாற்றப் பணம் ஒதுக்கச் சொல்லி யாரிடமும் போக முடியாது. நீலத்துடுப்புக்குப் பெயர் இருந்தது, அதனால் ‘அருகிய இனம்’ என்ற தகுதியும் இருந்தது. ஆக, அருகிய இனம் என்று பெயர் பெற்ற மீனைக் காப்பாற்ற ஆற்றில் விட்டார்கள். அதைவிட மோசமான நிலையில் அந்த ஆற்றிலேயே பிறந்த மீன் பெயரில்லாமல் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

2018-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. பவானியில் சேரும் மாயாற்றில் கிடைத்த திமில் மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் வைத்துப் பார்த்தபோது, கேரளத்தின் பாம்பாற்றில் சிறிய மீன்களை வைத்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவியை என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று தெரிந்தது. பாம்பாறு மறையூர், சின்னாறு வழியாகக் கிழக்கே இறங்கி அமராவதியில் சேருகிறது. அமராவதி காவிரியில் சேருகிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரெமாதேவியின் பெயர் அது. தமிழ்நாட்டு ஆறுகளின் மீன்களைப் பற்றிப் பல காலம் வேலை செய்தவர். பெயர் கிடைத்த அதே ஆண்டில் மீன் சிவப்புப் பட்டியலுக்குள் வந்தது, நேராக ‘மிக அருகிய இனம்’ என்ற படியில். நீலத்துடுப்பு அதே ஆண்டில் ‘கவலை குறைந்தது’ என்ற படிக்கு மாற்றப்பட்டது. இரண்டும் ஒரே நோட்டில் மகசீர் என்ற ஒரே சொல்லுக்குள் கிடந்தவை.

2012-ல், கலிபோரே முகாம் இருந்த காட்டுயிர்ச் சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டுக்குத் தடை வந்து நின்றது. பொழுதுபோக்குக்காக ஒரு உயிரின் வாயில் கொக்கி மாட்டுவதை விரும்பாதவன் நான். அந்தத் தடை வந்தபோது மனதுக்குள் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் முகாமோடு சேர்ந்து நோட்டும் போயிற்று. அந்த நோட்டுக்குப் பதிலாக, தூண்டில் இல்லாத வேறு ஏதோ ஒரு வழியில், ஆண்டுதோறும் ஆற்றின் அதே பகுதியில் யாராவது எண்ணிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். தடை விதிக்கும்போதே அதையும் எழுதியிருக்கலாம். இப்போதும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நோட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அந்தப் பதிவுகள் உதவியதற்குக் காரணம் மணி நேரம். வெறுமனே இந்த வருடம் 400 மீன் என்று எழுதியிருந்தால், வந்த ஆட்கள் கூடியதால் மீன் கூடியதா, ஆற்றிலேயே கூடியதா என்று பிரிக்க முடியாது. எங்கள் படிவத்திலும் அந்தக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். வலை எத்தனை நேரம் கிடந்தது என்று கேட்பது சங்கடமாக இருக்கிறதாம். மீன் கிடைக்காத நாளில் படிவமே வருவதில்லை. வெறுங்கையோடு வந்த நாளை எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது.

இந்த ‘இல்லை’ என்ற விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்தது நீர்நாய் வேலையில்தான்.

நீர்நாயைக் கணக்கெடுக்கப் போகிறவர் நீர்நாயைப் பார்ப்பது அபூர்வம். நாம் தேடுவது எச்சம். ஆற்றுக்குள் துருத்தி நிற்கும் பாறை, இரண்டு ஓடை கூடும் இடத்து மணல் திட்டு, சாய்ந்த மருத மரத்தின் வேர், இப்படி எடுப்பான இடமாகப் பார்த்து ஒரு கூட்டமே வந்து ஒரே இடத்தில் கழிக்கும். புதிதாக இருந்தால் கருப்பாக, ஈரமாக, மீன் கவிச்சியோடு இருக்கும். காய்ந்ததை விரலால் உதிர்த்தால் செதிலும் முள்ளும் நண்டு ஓடும் வெள்ளையாக உதிரும். அந்தச் செதிலை எடுத்துப் பையில் போட்டுப் பின்னால் லென்சில் பார்த்தால் எந்த மீனைத் தின்றது என்றுகூடச் சொல்லலாம். ஈர மணலில் ஐந்து விரலும் பதிந்த தடம் கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வோம். பிரிட்டனில் ஒரு துண்டு 600 மீட்டர் என்பது வெகுநாளைய வழக்கம், நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். முதல் முறை பத்துத் துண்டு நடந்தோம், நான்கில் எச்சம் கிடைத்தது. ஆறில் இல்லை. அந்த ஆறு துண்டிலும் நீர்நாய் இல்லை என்று நான் எழுதப்போனபோது, கூட வந்த ஆராய்ச்சி மாணவி பேனாவைப் பிடித்துக்கொண்டார். “இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா? நாம பார்க்கலை, அவ்வளவுதான் தெரியும்.”

பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். நீர்நாய் புழங்கும் ஒரு துண்டில் ஒருமுறை நடந்தால் எச்சம் கண்ணில் பட வாய்ப்பு பாதிதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை நடந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் அது ஒரு செய்தியே இல்லை, காசு சுண்டிப் போட்டது போலத்தான். இரண்டு முறை போய்க் கிடைக்காமல் போக வாய்ப்பு நாலில் ஒன்று. நான்கு முறை போயும் கிடைக்கவில்லை என்றால் பதினாறில் ஒன்று. அப்போதுதான் ஓரளவு தைரியமாக இல்லை என்று சொல்லலாம். அந்த ‘பாதி’ என்ற எண்ணைக்கூட நாமாக ஊகிக்க வேண்டியதில்லை, ஒரே துண்டைப் பல முறை நடந்த பதிவுகளிலிருந்தே கணக்கிட்டு எடுத்துவிடலாம். அதனால்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறார்கள். புது இடம் பார்க்கும் ஆசையில் வருகிற தன்னார்வலர்களுக்கு இது சலிப்பாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

பவானியில் இன்னொரு சிக்கல் உண்டு. அணையில் தண்ணீர் திறந்தால் ஒரே இரவில் பாறை மூழ்கிவிடும், எச்சம் போய்விடும். மறுநாள் நடக்கிறவருக்கு ஆறு துடைத்துவிட்ட பலகை போலக் கிடக்கும். ஆகவே பாசனத்துக்குத் திறந்த தேதியையும் படிவத்தில் எழுதுகிறோம். மழை பெய்த தேதியையும்.

இங்கிலாந்தில் முதல் தேசிய நீர்நாய்க் கணக்கெடுப்பு 1977–79-ல் நடந்தது. பார்த்த இடங்களில் நூற்றுக்கு ஆறில்தான் எச்சம் கிடைத்தது. 1950-களில் புழக்கத்துக்கு வந்த டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள் மீன் வழியாக உடம்பில் ஏறி அந்த நாட்டு நீர்நாயைப் பெருமளவு அழித்திருந்தன. மருந்துகள் தடைபட்ட பிறகும் விடாமல் அதே முறையில் நடந்துகொண்டே இருந்தார்கள். 2009–10-ல் நடந்த ஐந்தாவது கணக்கெடுப்பில் நூற்றுக்கு 59 இடங்களில் கிடைத்தது. முப்பது வருடம் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்ததால்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. இடையில் யாராவது முறையை மாற்றி இன்னும் நன்றாகச் செய்கிறேன் என்று கிளம்பியிருந்தால் ஒப்பிட முடியாமல் போயிருக்கும்.

எல்லாத் தேடலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. சீனாவின் யாங்சி ஆற்றில் பைஜி என்ற ஓங்கில், அதாவது டால்பின், இருந்தது. 2006 கடைசியில் இரண்டு படகுகளில், ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி, இச்சாங்கிலிருந்து ஷாங்காய் வரை போய்த் திரும்பினார்கள். ஆறு வாரம், சுமார் 3,500 கிலோமீட்டர். ஒரு படகு தவறவிட்டதை மற்றொன்று பார்க்கும் என்ற ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதில் விழட்டும் என்று தண்ணீருக்குள் ஒலிவாங்கியும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றுகூட இல்லை. ஆனால் அதே பயணத்தில், அங்கே வாழும் இன்னொரு சிற்றினமான துடுப்பிலாக் கடற்பன்றியையும் எண்ணினார்கள். சுமார் 1,800 என்று வந்தது. பின்னாளில் 2012-ல் 1,045, 2017-ல் 1,012 என்று இறங்கியபோது அபாயம் தெரிந்ததற்கு அந்த எண்தான் அளவுகோல். 2021 முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை. 2022-ல் 1,249 என்று வந்தது. கடந்த இருபது வருடத்தில் முதல் ஏற்றம் அது. பைஜியைத் தேடித் தோற்றவர்கள் எழுதி வைத்த எண், வேறொரு உயிருக்கு உதவியிருக்கிறது. இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் தூங்கவில்லை.

இப்போது தண்ணீரை மட்டும் எடுத்து உயிரைக் கண்டுபிடிக்கிறார்கள். மீன் உதிர்க்கும் செதில், வழவழப்பு, கழிவு எல்லாவற்றிலும் அதன் டி.என்.ஏ. இருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை நுண்ணிய வடிதாளில் வடிகட்டி, தாளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வலை வேண்டாம், மீனுக்கு வலியும் இல்லை. முதலை நிறைய உள்ள மாயாற்றில் முழங்கால் தண்ணீரில் இறங்காமலே வேலை முடியும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஆற்று நீர் ஓடுகிறது. இங்கே எடுத்த தண்ணீரில் உள்ள தடயம் எவ்வளவு மேலேயிருந்து அடித்து வந்தது என்று உறுதியாகச் சொல்வது கடினம். குஞ்சா, கிழடா என்றும் அது சொல்லாது. திமில் மகசீர் விஷயத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதே அதுதான். முக்கியமாக, கிடைத்த டி.என்.ஏ. யாருடையது என்று ஒப்பிட்டுப் பார்க்க முன்னதாகவே பெயர் போட்ட மாதிரி ஒன்று இருக்க வேண்டும். இயந்திரமும் கடைசியில் அந்தப் பெரியவர் கேட்டதைத்தான் கேட்கிறது. எந்தக் கெண்டை?

அடுத்த முறை அவரைப் பார்க்கப் போனபோது கைப்பேசியில் திமில் மகசீரின் படம் கொண்டுபோனேன். வாங்கித் தள்ளிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அவருடைய அப்பா காலத்தில், பவானிசாகர் அணை கட்டி முடிந்த புதிதில், மேலே கூடுதுறைப் பக்கம் ஒருமுறை இப்படி ஒன்று விழுந்ததாம். மாயாறும் பவானியும் சேரும் இடத்தை அப்படிச் சொன்னார். இரண்டு பேர் மூங்கில் கட்டித் தூக்கி வந்தார்களாம். வால் செம்புக் குடம் மாதிரி இருந்தது என்றார். தன் வலையில் ஒருநாளும் விழுந்ததில்லை.

“இத எழுதிக்குவியா கண்ணு?”

“உங்க அப்பா பார்த்ததை அந்தப் பக்கம் எழுதிக்கிறேனுங்க. இந்தப் பக்கம் இன்னைக்கு வலையில விழுந்ததைத்தான் எழுதணும்.”

“விழவே இல்லியே.”

“அதையே எழுதலாமுங்க.”

அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் அச்சடித்தே வருகிறது. கெண்டை என்ற ஒரே வரி இருந்த இடத்தில் இப்போது பதினொரு வரி. ஜிலேபிக்குத் தனி, ரோகுவுக்குத் தனி, நீலத்துடுப்புக்குத் தனி. கடைசி வரி திமில் மகசீர். சென்ற மார்கழியில் அவர் வலை ஆறு மணி நேரம் தண்ணீரில் கிடந்தது. கடைசி வரியில் 0 என்று எழுதி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினோம். தண்ணீர் திறந்து நாலு நாள் ஆகியிருந்தது.